கருவாடும் புற்றுநோயும்: மாமியார் கொண்டுவந்த டப்பாவை என்ன செய்ய?

ஈசூன் மருமகள் | சனி, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். நான் வழக்கமா படிச்சிட்டுச் சத்தமில்லாம போயிடற ஆள். இன்னிக்கு வேற வழியில்ல.

மாமியார் நாகப்பட்டினத்துலேருந்து சிங்கப்பூருக்கு மூணு மாசம் இருக்க வந்திருக்காங்க. கையோட வஞ்சிரம் கருவாடு, நெத்திலி, சென்னாக்குன்னி, மோர்மிளகாய், மாவடு. எல்லாம் பழைய மைலோ டின்னுல, பிளாஸ்டிக் டப்பாவுல அடுக்கி வந்திருக்கு. வியாழக்கிழமை குடும்ப வாட்ஸ்அப்புல ஒரு செய்தி: "உப்பு மீன் முதல் பிரிவுப் புற்றுநோய்க் காரணி, சிகரெட்டுக்குச் சமம், உலகச் சுகாதார நிறுவனம் அறிவிப்பு." கீழ ஒரு மண்டையோடு படம் வேற. அதைப் படிச்சதுலேருந்து என் கணவர் மொத்தத்தையும் குப்பைக் குழாயில போடுன்னு நிக்கிறார்.

மாமியார் சண்டை போடல. போட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. ரெண்டு நாளா சமையலறைப் பக்கமே வரல. "எங்க ஊர்ல புள்ளைக்குப் பல்லு மொளச்சதும் கருவாட்டத் தொட்டுத்தான் சோறு குடுப்போம்"னு ஒரே ஒரு தடவை சொன்னாங்க. என் பையனுக்கு நாலு வயசு. நெத்திலி வறுத்தா ரெண்டு தட்டு சோறு உள்ள போகும்.

இது உண்மையா, வாட்ஸ்அப் கதையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. திட்டறதுன்னா தனிச்செய்தியில திட்டுங்க.

தேக்கா மாமா | சனி, இரவு 10:31

அம்மாடி, என் பாட்டி 93 வயசு வரைக்கும் இருந்தவங்க. தினம் பழைய சோறு, சுட்ட கருவாடு. கடைசி நாள் வரைக்கும் ஊசியில நூல் கோத்தாங்க. இந்த வெள்ளைக்காரன் சொல்றதெல்லாம் கேட்டா காத்தக்கூட மூச்சு விட முடியாது. டப்பாவத் தூக்கிப் போடறதா இருந்தா முகவரி குடு, நான் வந்து எடுத்துக்கறேன்.

புக்கிட் பாத்தோக் பாலு | சனி, இரவு 10:40

மாமா, 93 வரைக்கும் இருந்த பாட்டியத்தான் நமக்குத் தெரியும். 50-லயே போன பாட்டிங்க யாரும் பேரன்கிட்டக் கதை சொல்ல உட்காரல.

தேக்கா மாமா | சனி, இரவு 10:43

நீ பேசுவடா.

கண்ணாடித் தகடு | சனி, இரவு 11:55

ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட ஊழியன் நான். முப்பது வருடங்களுக்குமேல் திசுக்களை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றிக் கொடுத்த கை. மருத்துவன் அல்ல. அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட அதிகம் சுற்றும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவை, பிரான்சின் லியோன் நகரத்தில் இருக்கிறது. அது 1993-ல் வெளியிட்ட 56-ஆம் தொகுதியில் "சீனப் பாணி உப்பு மீன்" என்று பெயர் குறிப்பிட்டு முதல் பிரிவில் சேர்த்தது. 2012-ல் மறுபடி பார்த்து உறுதிசெய்தது. அதே 1993 தொகுதியில், இரண்டு வரி தள்ளி, "மற்ற உப்பு மீன்கள்" மூன்றாம் பிரிவு என்றிருக்கிறது. மூன்றாம் பிரிவு என்றால் பாதுகாப்பானது என்ற பொருளில்லை. முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் கையில் இல்லை என்று பொருள். வாட்ஸ்அப்பில் அந்த இரண்டாவது வரி வரவே வராது.

அடுத்து "சிகரெட்டுக்குச் சமம்". முதல் பிரிவு என்பது எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதன் அளவு. எவ்வளவு ஆபத்து என்பதன் அளவு அல்ல. ஒருவன் திருடன் என்று நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது; அவன் திருடியது சைக்கிளா வங்கியா என்பது வேறு வழக்கு. சூரிய ஒளியும் முதல் பிரிவுதான், புளுட்டோனியமும் முதல் பிரிவுதான்.

சீன உப்பு மீனுக்கு ஏன் அந்தப் பெயர்? மூக்குக்குப் பின்னால், தொண்டையின் உச்சியில் ஒரு புற்றுநோய் வரும். உலகின் பெரும்பகுதியில் அது அபூர்வம். தென்சீனத்தில், குறிப்பாகக் கண்டோனீஸ் மக்களிடம், அபூர்வமே இல்லை. சிங்கப்பூரிலும் இதைக் கண்டார்கள்: சீனர்களுக்கு அதிகம், அவர்களிலும் ஹொக்கியன், தியோச்சியூ மக்களைவிடக் கண்டோனீஸ் மக்களுக்கு அதிகம், இந்தியர்களுக்கு மிகக் குறைவு. இந்த ஊரில் அந்த நோயைப் பல பத்தாண்டுகள் நுண்ணோக்கியின் கீழ் துருவியவர் ஒரு தமிழர். பேராசிரியர் கனகரத்னம் சண்முகரத்னம். 2018-ல் காலமானார். இன்றைய அதிபர் தர்மனின் தந்தை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை 1960-களின் கடைசியில் தொடங்கி வைத்தவரும் அவரே. எந்த இனத்துக்கு எந்தப் புற்றுநோய் என்று இன்று நாம் பேச முடிகிறதென்றால் அந்தப் பதிவேடு ஒரு காரணம். எங்கள் தலைமுறை ஆய்வுக்கூடக்காரர்களுக்கு அவர் பெயரைச் சொன்னால் முதுகு தானாக நிமிரும்.

ஹாங்காங்கில் படகில் வாழ்ந்த மீனவக் குடும்பங்களில் நோய் இன்னும் அதிகம் என்று கவனித்து, உப்பு மீனைச் சந்தேகிக்கத் தொடங்கியவர்கள் அங்குள்ள மருத்துவர்கள். பிறகு நோயாளிகளையும் நோய் இல்லாதவர்களையும் உட்காரவைத்துக் கேட்டபோது, சின்ன வயதில் சாப்பிட்டதுதான் தனித்துத் தெரிந்தது. தாய்ப்பால் மறக்கடிக்கும் பருவத்தில் கஞ்சியோடு உப்பு மீன் ஊட்டும் வழக்கம் அங்கே இருந்தது. எலிகளுக்கு அதே மீனைக் கொடுத்தபோது மூக்கறையில் கட்டிகள் வந்தன.

மீன் மட்டும் குற்றவாளி அல்ல. எப்ஸ்டைன்-பார் என்றொரு வைரஸ் உண்டு, பெரியவர்களில் ஏறக்குறைய எல்லாரின் உடலிலும் இருக்கும். இந்தக் கட்டியின் உயிரணுக்களுக்குள் அது உட்கார்ந்திருக்கும். பரம்பரைக்கும் பங்கு உண்டு. வைரஸ், பரம்பரை, சின்ன வயதுச் சாப்பாடு, மூன்றும் ஒரே வீட்டில் கூடுவதுதான் பிரச்சினை.

ஈசூன் மருமகள் | ஞாயிறு, காலை 7:20

ஐயா, ரொம்ப நன்றி. ரெண்டு தடவை படிச்சேன், கணவர்கிட்டயும் காட்டினேன். "அப்ப சீன மீனுக்கும் நம்ம கருவாட்டுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் உப்பும் வெயிலும்தானே"ன்னு கேக்கறார். எனக்குப் பதில் தெரியல.

நாகூர்க்காரன் | ஞாயிறு, காலை 9:05

இதுக்கு நான் வர்றேன். கருவாட்டுக் கொட்டாய்ல வளர்ந்தவன்.

கண்டோனீஸ்காரங்க செய்றதுல ரெண்டு வகை. ஒண்ணுல மீன் வந்ததுமே உப்புல போடுவாங்க, சதை கெட்டியா நிக்கும். இன்னொண்ணுல மீனை ஒருநாள், ரெண்டுநாள் அப்படியே விட்டு, சதை இளகி ஒரு மணம் ஏறினப்புறம் உப்புப் போடுவாங்க. அந்த மணத்துக்குத்தான் காசு. சைனாடவுன் கடைகள்ல தலையில காகிதம் சுத்தித் தொங்குமே, அதுல இந்த இளகின வகைதான் விலை கூட. மீன் கெடக் கெட அமீன்னு சொல்ற பொருள் ஊறும், அது நைட்ரைட்டோட சேர்ந்தா நைட்ரசமீன் ஆகும், அதுதான் வம்புன்னு ஒரு மீன்வளத்துறை அதிகாரி எங்க வாப்பாவுக்கு விளக்கினது ஞாபகம் இருக்கு.

நம்ம பக்கம் வஞ்சிரம், பாறை, சுறா மாதிரி பெரிய மீனுன்னா கீறி, குடல் எடுத்து, கழுவி, தொட்டியில உப்பு ஒரு அடுக்கு மீன் ஒரு அடுக்கா வெச்சு, அப்புறம் காய வைப்போம். நெத்திலி பல இடத்துல உப்பே படாம நேரா வெயிலுக்குப் போகும். இங்க இக்கான் பிலிஸ்னு விக்கிற நெத்திலி அது இல்ல, உப்புத் தண்ணியில வேகவெச்சுக் காய வெச்சது. அதனால நாக்குல வெச்சாலே வித்தியாசம் தெரியும்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன், எங்க ஆளுங்க கோவிச்சாலும் சரி. "நம்ம கருவாடு புது மீன்ல செய்றது"ன்னு மார் தட்டாதீங்க. ஏலத்துல போகாத மீன், ஐஸ் பத்தாம நசுங்கின மீன், மழைக்காலத்துல ரெண்டு நாள் காயாமக் கெடந்த மீன், எல்லாம்தான் கருவாடு ஆகுது. நல்ல மீனை யாராவது காய வெப்பாங்களா? நல்ல வஞ்சிரம் கிலோ என்ன விலை! வீட்டுக்குன்னு தனியா போடறது வேற. அம்மா கொண்டுவந்தது வீட்டுச் சரக்கா கடைச் சரக்கான்னு கேளுங்க.

ஈசூன் மருமகள் | ஞாயிறு, காலை 9:48

கேட்டேன். ரெண்டு நாளைக்கப்புறம் முதல் தடவையா வாயத் திறந்து ஒரு மணி நேரம் பேசினாங்க. வஞ்சிரம் சின்ன மாமா படகுல வந்தது, அவங்களே உப்புப் போட்டது. நெத்திலி கடையில வாங்கினது. சென்னாக்குன்னி யாரோ கொடுத்தது.

கண்ணாடித் தகடு | ஞாயிறு, காலை 10:30

நாகூர்க்காரர் சொன்னதோடு என் பதில் முடிந்துவிட்டது. "நம் கருவாடு குற்றமற்றது" என்று தீர்ப்பு எழுத என்னால் முடியாது. "குற்றவாளி" என்றும் எழுத முடியாது. இந்த ஊரிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 1993-லிருந்து 1998 வரை 45 முதல் 74 வயதான 63,257 பேரைச் சேர்த்து, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் குறித்து, வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அத்தனை பேரும் ஹொக்கியன், கண்டோனீஸ் சீனர்கள். நம் தட்டை அந்த அளவுக்கு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. சீனத் தட்டின் முடிவை நம் தட்டில் அப்படியே ஒட்டுவதும் தவறு, நம் தட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் தைரியமாக இருப்பதும் தவறு.

கண்டோனீஸ் வீட்டு மாப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 2:16

பேசாமல் இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். "அபூர்வம்", "பிரிவு" என்றெல்லாம் படித்துக்கொண்டே வந்தபோது மாமனார் முகம் வந்து நின்றது.

என் மனைவி கண்டோனீஸ். மாமனார் டாக்ஸி ஓட்டியவர். எட்டு வருடத்துக்கு முன்னால் இடது காது அடைத்துக்கொண்டது. விமானத்தில் அடைக்குமே அந்த மாதிரி. வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். போகவில்லை. இன்னொரு சொட்டு மருந்து. காலையில் மூக்கைச் சிந்தினால் சளியில் மெல்லிய ரத்தக்கோடு. "ஏர்கான் காற்று, மூக்கு காய்ந்துபோச்சு" என்றார், நாங்களும் நம்பினோம். ஐந்து மாதம் அப்படியே போனது. ஒருநாள் முகம் மழிக்கும்போது கழுத்தில் ஒரு கட்டி கையில் தட்டியது. வலியே இல்லை. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பார்.

மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்துச் சதை எடுத்தார்கள். மூன்றாம் கட்டம். ஏழு வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோ. இந்த நோய் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும் என்று மருத்துவர் சொன்னார், கட்டுப்பட்டது. இன்று உயிரோடு இருக்கிறார், பேரனோடு சதுரங்கம் விளையாடுகிறார். ஆனால் உமிழ்நீர் போய்விட்டது. கையில் தண்ணீர்ப் புட்டி இல்லாமல் மின்தூக்கிக்குக்கூடப் போகமாட்டார். பிஸ்கட் என்றால் பயம்.

மாமியார் அந்த ஏழு வாரமும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டார். கொத்துக்கறியின்மேல் ஒரு துண்டு உப்பு மீனை வைத்து அவித்துத் தருவது அவருடைய கைமணம். இவர் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட்டது அது. மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: இவருக்கு இதனால்தான் வந்தது என்று ஒரு தனி மனிதரைக் காட்டி யாராலும் சொல்ல முடியாது, அவர் அம்மா கைக்குழந்தையில் என்ன ஊட்டினாரோ, பரம்பரையில் என்ன வந்ததோ. மாமியார் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியிலிருந்த மீனை மூன்று பைகளில் சுற்றி எறிந்தார்.

எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல வேண்டும். கருவாட்டைச் சாப்பிடுங்கள், விடுங்கள், அது உங்கள் வீட்டுக் கதை. ஒரு பக்கக் காது வாரக்கணக்கில் அடைத்தால், சளியில் ரத்தம் வந்தால், கழுத்தில் வலிக்காத கட்டி தட்டினால், சொட்டு மருந்தோடு நிற்காதீர்கள். தமிழனுக்கு வராது என்றும் இருக்காதீர்கள். எங்கள் வார்டில் ஒரு மலாய்க்காரர் இருந்தார்.

தேக்கா மாமா | ஞாயிறு, பிற்பகல் 3:02

தம்பி, படிச்சேன். நேத்து நான் விளையாட்டாப் பேசினது தப்பு.

கண்ணாடித் தகடு | ஞாயிறு, பிற்பகல் 3:20

அவர் சொன்ன மூன்று அறிகுறிகளையும் மனனம் செய்துகொள்ளுங்கள். ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். ஹாங்காங்கில் அறிகுறி இல்லாத 20,000 ஆண்களிடம் ரத்தம் எடுத்து அந்த எப்ஸ்டைன்-பார் வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடினார்கள், 2017-ல் முடிவு வந்தது. அப்படிக் கண்டுபிடித்த கட்டிகளில் பெரும்பாலானவை ஆரம்பக் கட்டத்தில் இருந்தன. வாசலில் வந்து தட்டும் நோயாளிகளிடம் அது தலைகீழ்.

தட்டு நிறைய காய் | ஞாயிறு, மாலை 6:44

உணவியல் துறையில் வேலை செய்கிறேன். எல்லாரும் நைட்ரசமீனைப் பிடித்துக்கொண்டு உப்பை மறந்துவிட்டீர்கள்.

2022 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் சிங்கப்பூரர் ஒருவர் சராசரியாக நாளுக்கு 3,620 மில்லிகிராம் சோடியம் உட்கொள்கிறார் என்று தெரிந்தது. பரிந்துரைத்த அளவு 2,000. உப்பாகச் சொன்னால் ஒரு தேக்கரண்டிக்குப் பதிலாக ஏறக்குறைய இரண்டு. உப்பிட்ட உணவு அதிகம் சாப்பிடுவதற்கும் இரைப்பைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. வயிற்றின் உள்சுவரில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கிறது, உப்பு அதைக் கெடுக்கும். ஹெலிகோபேக்டர் என்ற கிருமி அங்கே ஏற்கெனவே குடியிருந்தால் அதற்குக் கதவு திறந்துவிட்ட மாதிரி. இதில் கருவாடா, கியாம் சாய் என்ற உப்பிட்ட கடுகுக்கீரையா, உப்பு முட்டையா என்று வயிறு பார்க்காது. இரைப்பைக்கு வரும் முன்னாலேயே ரத்தக்கொதிப்பு வந்து நிற்கும் என்பது தனிக் கதை.

நாலு வயதுப் பிள்ளைக்கு பெரியவர்கள் அளவே கிடையாது, அதைவிடக் குறைவு. ரெண்டு தட்டு சோறு போகிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள், அந்த ரெண்டு தட்டையும் உள்ளே தள்ளுவது உப்பு. வாரத்தில் பல நாள் என்றால் நான் வேண்டாம் என்பேன். எப்போதாவது என்றால், வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பே போடாமல், கத்தரிக்காய், மொச்சை, முருங்கைக்காய் அதிகமாகவும் கருவாடு வாசனைக்கும். மாமியாருக்கு இது நான் சொல்லியா தெரிய வேண்டும்.

புக்கிட் பாத்தோக் பாலு | ஞாயிறு, இரவு 8:10

கருவாட்டுக் குழம்புல மாங்காய் போடறது ஏன்னு இப்பப் புரியுது. விட்டமின் சி நைட்ரசமீனைத் தடுக்கும்னு எங்கயோ படிச்சேன். நம்ம முன்னோர்கள் சும்மா இல்லப்பா.

தட்டு நிறைய காய் | ஞாயிறு, இரவு 8:25

முன்னோர்கள் மாங்காய் போட்டது ருசிக்கு. விட்டமின் சி நைட்ரசமீன் உருவாவதைத் தடுக்கும் என்பது சரிதான், சாசேஜ் தயாரிப்பவர்களே அதற்காகச் சேர்க்கிறார்கள். ஆனால் கொதிக்கக் கொதிக்க அதில் நிறைய போய்விடும். மீனில் ஏற்கெனவே உருவாகிவிட்டதை அது அழிக்கவும் அழிக்காது. புளியைச் சொல்லாதீர்கள், புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலம். சாப்பிட்டு முடித்து ஒரு கொய்யாப்பழம் கடியுங்கள்.

தேக்கா மாமா | ஞாயிறு, இரவு 8:40

ஊறுகா? அதையும் சொல்லிடுங்க. மனசு தயாரா இருக்கு.

கண்ணாடித் தகடு | ஞாயிறு, இரவு 9:15

மாமா, உட்காருங்கள். ஆசியப் பாரம்பரிய ஊறவைத்த காய்கறிகள் 2-பி பிரிவு, "இருக்கலாம்" என்ற ரகம். அந்த ஆதாரம் வந்தது சீனா, ஜப்பான், கொரியா பக்கம். சீனாவின் லின்சியான் வட்டாரத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகம். அங்கே கீரையை ஜாடியில் தண்ணீரோடு மாதக்கணக்கில் புளிக்கவிட்டுச் சாப்பிட்டார்கள், பூஞ்சணம் பூத்ததையும் விடவில்லை. நம் எலுமிச்சை ஊறுகாய் அந்தச் சாதி இல்லை. எண்ணெய், உப்பு, புளிப்பு, மிளகாய். ஆனால் ஒரு டப்பாவை ஒரு வாரத்தில் காலி செய்தால் உப்புக் கணக்கு அந்தம்மா சொன்னதுதான். மேலே பூஞ்சணம் பூத்தால் வழித்துவிட்டுச் சாப்பிடும் வேலை வேண்டாம்.

பூஞ்சணம் என்றதும் நான் கவலைப்படுவது வேர்க்கடலையைப் பற்றி. 1960-ல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சணம், அது சுரந்த நஞ்சுதான் அஃப்ளடாக்சின். ஈரலுக்கு எமன், ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இரட்டை எமன். சிங்கப்பூர் 1987-லிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தத் தடுப்பூசியைப் போடுகிறது, அதற்குமுன் பிறந்த நமக்குத்தான் சந்தேகம். சுருங்கிய, கசக்கிற கடலையைத் துப்புங்கள். காசு போச்சே என்று மெல்லாதீர்கள்.

பொங்கோல் அப்பா | ஞாயிறு, இரவு 10:02

எனக்கு ஒரு சிரிப்பு வருது. கருவாட்டுக்கு இவ்வளவு ரகளை பண்ற வீட்டுல காலையில புள்ளைக்கு என்ன போகுது? ரொட்டிக்குள்ள கோழி ஹேம். சாயங்காலம் ஹாட்டாக் பன். பள்ளிக்கு நகெட். எங்க வீட்டச் சொல்றேன், யாரும் கோவிக்காதீங்க. பதப்படுத்தின இறைச்சி 2015-லயே முதல் பிரிவு. அதுல சீனப் பாணி, தமிழ்ப் பாணின்னு சந்துபொந்து எதுவும் இல்ல. தினமும் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 விழுக்காடு கூடும்.

கண்ணாடித் தகடு | ஞாயிறு, இரவு 10:20

அந்த 18-ஐயும் பிரித்துக் காட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு அதுவும் மண்டையோட்டுப் படத்தோடு வரும். நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அது கிட்டத்தட்ட ஆறு ஆகும். இருபத்துமூன்று ஆகாது. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் தரும் பாக் குவா என்ற வாட்டிய இறைச்சித் துண்டுக்கு பயப்படாதீர்கள், தினசரி ஹேமுக்கு பயப்படுங்கள். உலகளவில் ஆண்டுக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ பத்து லட்சம். பதப்படுத்திய இறைச்சி மிகுந்த உணவால் 34,000 என்று மதிப்பிட்டார்கள். இரண்டும் ஒரே பிரிவு.

பிரிவு என்றதும் ஞாபகம் வந்தது. ஈசூன் அம்மா, ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். மாமியார் வெற்றிலை போடுவார்களா?

ஈசூன் மருமகள் | ஞாயிறு, இரவு 10:41

போடுவாங்க. சாப்பாட்டுக்கப்புறம் மூணு வேளையும். புகையிலை கிடையாது ஐயா, வெறும் வெத்தலை, சீவல், சுண்ணாம்பு. சிராங்கூன் சாலையில நானே வாங்கித் தர்றேன். ஏன் கேக்கறீங்க?

கண்ணாடித் தகடு | ஞாயிறு, இரவு 11:08

பாக்கு முதல் பிரிவு. புகையிலை இல்லாத பாக்கும் முதல் பிரிவு, 2004-லிருந்து. புகையிலையோடுதான் ஆபத்து என்று அதற்குமுன் நினைத்திருந்தார்கள். குட்கா, ஜர்தா போன்றவற்றை இந்த ஊர் 2016-ல் தடை செய்துவிட்டது, பாக்கு தடையில்லை, அதனால் பாதுகாப்பு என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம். இதில் சீனர் ஆய்வை நம்மேல் ஒட்டுகிறோமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஆய்வுகளில் இருப்பவர்கள் நம் ஆட்கள்தான். என் கையில் வந்த வாய்த் திசுக்களில் நம் பெயர்கள் எத்தனை என்று நான் எண்ணியதில்லை, எண்ணவும் விரும்பவில்லை.

காரம் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்கிறார்களா? கன்னத்தின் உள்பக்கம் வெளிறி, நார் மாதிரி இறுகியிருக்கிறதா? மூன்று விரலை நெட்டாக வைத்தால் வாய்க்குள் போகிறதா?

ஈசூன் மருமகள் | ஞாயிறு, இரவு 11:15

காலையில எழுதறேன் ஐயா.

நாகூர்க்காரன் | திங்கள், காலை 8:30

எங்க உம்மாவும் போடுவாங்க. ராத்திரியே ஊருக்கு வீடியோ கால் போட்டு வாயத் தொறக்கச் சொன்னேன். "ஒனக்கு என்ன கிறுக்கா"ன்னு வெச்சிட்டாங்க. நாளைக்கு மறுபடி.

புக்கிட் பாத்தோக் பாலு | புதன், இரவு 9:00

ஈசூன் அக்கா, என்ன ஆச்சு? இழையே நிக்குது.

ஈசூன் மருமகள் | வெள்ளி, இரவு 10:50

மன்னிச்சிடுங்க, ஓடிட்டே இருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. ஒரு வருஷமா அவங்க குழம்புல காரம் வேணாம்னு தனியா ரசம் ஊத்திக்கறாங்கன்னு ஊர்லேருந்து நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்துச்சு. வயசாயிடுச்சுன்னு நாங்க நெனச்சோம். காலையில பையனோட விளையாட்டு மாதிரி, "யாரு வாயில மூணு வெரலு போகுது பாக்கலாம்"னு ஆரம்பிச்சேன். பையனுக்கு போச்சு. எனக்கு போச்சு. அவங்களுக்கு ரெண்டுதான்.

பல் மருத்துவர்கிட்டப் போனோம், அங்கேருந்து வாய்நோய் நிபுணர். சுற்றுலா விசாவுல வந்தவங்களுக்கு மானியம் கிடையாது, முழுக் காசு. கன்னம் ரெண்டு பக்கமும் இறுக ஆரம்பிச்சிருக்காம். ஒரு இடத்துல வெள்ளைத் திட்டு, அதுல சின்னதா ஒரு துண்டு எடுத்து ஆய்வுக்கு அனுப்பினாங்க. இன்னிக்கு முடிவு வந்துச்சு. புற்றுநோய் இல்ல. ஆனா அந்த இறுக்கம் பழையபடி இளகாது, பாக்கை இன்னையோட நிறுத்தணும், வாய் திறக்கப் பயிற்சி செய்யணும், ஊருக்குப் போனப்புறம் ஆறு மாசத்துக்கு ஒருதடவை காட்டிட்டே இருக்கணும்னு சொன்னார். ஐயா, நீங்க கேக்கலைன்னா நாங்க கருவாட்டு டப்பாவோட மல்லுக்கட்டிட்டு மூணு மாசத்தையும் ஓட்டியிருப்போம். சீவல் பொட்டலத்த என் கையால வாங்கிக் கொடுத்துட்டு.

வண்டியில வரும்போது ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் மகனைப் பாத்து, "பாக்கை விட்டுடறேன். ஆனா கருவாட்ட நீ தொடக் கூடாது"ன்னாங்க. அவரும் சரின்னுட்டார். பையனுக்கு மாசத்துல ரெண்டு தடவை, ஊறவெச்ச தண்ணி மூணு தடவை மாத்தினப்புறம்னு பேச்சு முடிஞ்சிருக்கு. யாரோ கொடுத்த சென்னாக்குன்னிய அவங்களே குப்பைக் குழாயில போட்டுட்டாங்க, "அது யாரு காய வெச்சாளோ"ன்னு. காலை ரொட்டியில ஹேம் இருக்கறதப் பத்தி கணவர்கிட்டப் பேச எனக்கு இன்னும் தைரியம் வரல, வாங்கறவர் அவர்தான்.

சாப்பிட்டு முடிச்சதும் கை தானா இடுப்புச் சுருக்குப் பைக்குப் போகுது, பாக்கவே கஷ்டமா இருக்கு. ஏலக்காய், சோம்பு கொடுக்கறேன். வெத்தலைய மட்டும் போடலாமான்னு கேக்கறாங்க. ஐயா, போடலாமா?

கண்ணாடித் தகடு | வெள்ளி, இரவு 11:20

வெற்றிலையைத் தனியாகப் போட்டால் கொஞ்ச நாளில் சுண்ணாம்பு வரும், அப்புறம் ஒரே ஒரு சீவல் வரும். நான் என் அம்மாவிடம் பார்த்தது. முதல் மூன்று மாதம் சுருக்குப் பையையே எடுத்து வைத்துவிடுங்கள். சோம்பு போதும்.

தேக்கா மாமா | சனி, காலை 6:55

அம்மாடி, நானும் கண்ணாடி முன்னால நின்னு பாத்தேன். மூணு விரல் போச்சு. ஆனாலும் திங்கக்கிழமை பலதுறை மருந்தகத்துல ஒரு தடவை காட்டறேன், நான் போட்டது புகையிலையோட, முப்பது வருஷம்.